சிராய் இல்லாத துளை

மேல் வீட்டில் குளியலறையைப் புதுப்பிக்கிறார்கள். அந்தச் சத்தத்தைப் பெரிதாக எடுக்காதையும், பிள்ளை. காலையில் தொடங்கினால் பின்னேரம் வரைக்கும் ட்ரில் ஓடும். ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. இந்தக் கட்டடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் துளை போடக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஒஸ்லோவில் இந்த ட்வெய்ட்டாவுக்குக் குடிவந்த நாள் முதல் நான் அந்தச் சட்டத்தை மீறியதில்லை.

கேட்டீரா, நின்று நின்று போகிறது. ட்ரில் அலகைப் போட்டு அழுத்துகிறான். அழுத்தக்கூடாது. அலகு கூராக இருந்தால் அது தன்பாட்டில் இறங்கும். இதைச் சொல்லலாம் என்று படியேறிப் போனேன். கதவைத் திறந்த பொடியன், சத்தத்துக்குச் சண்டைபிடிக்க வந்த கிழவி என்று நினைத்து மன்னிப்புக் கேட்டான். அப்படியே இறங்கி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிழையாக ஒரு வேலை நடக்கிறது என்று தெரிந்தால் எனக்கு இருக்கேலாது, நடக்கவும் ஏலாது.

கோட்டைக் கழற்றிவிட்டு இரும். கிட்டாரைச் சுவரில் சாய்க்காதையும், சரியும். மேசையில் படுக்க வையும். முகம் கீழே, முதுகு மேலே. ஓம், அப்படித்தான். அது படுத்துப் பழகின மேசைதான்.

வந்ததிலிருந்து நீர் கேட்டது ஒரே கேள்வி. "மாமி, இந்தத் துளையை ஆர் போட்டது?" இவ்வளவு காலத்துக்குப் பிறகும் மாமி என்று கூப்பிடுகிறீரே, அது எனக்குப் பெரிய ஆறுதல். தக்ஷாயினி என்கிற பெயரைத் தொலைபேசியில் கேட்டதுமே வடைக்கு உழுந்து ஊறப்போட்டேன். நீர் தொடவில்லை. பரவாயில்லை.

பதில் சொல்லத்தான் போகிறேன். ஆனால் நீர் கண்டுபிடித்த விதம் எனக்குப் பிடித்திருக்கிறது, அதை முதலில் சொல்லவேண்டும். இசைக்குழு வைத்திருந்த அருளானந்தன் வீடு மாறுகிறபோது கீழ்த்தளக் களஞ்சிய அறையை ஒதுக்கினான். பழைய இசைக்குழுச் சாமான்களுக்குள் இது கிடந்தது. "பிள்ளை, இது கபிலன்ரை. எறியட்டோ, எடுக்கிறீரோ?" என்று உம்மைக் கேட்டான். நீர் எடுத்தீர். கொண்டுபோய் உம்முடைய பல் வைத்தியசாலையில், நோயாளியின் வாய்க்கு மேல் பிடிக்கிற விளக்கைப் பிடித்து, முதுகு மூடியைக் கழற்றிப் பார்த்தீர். "முன்னாலை இருக்கிற துளையெல்லாம் கிழிஞ்சு கிடக்குது, மாமி. உள்ளை இருக்கிற இந்த ஒண்டு மட்டும் சிராய் இல்லாமல் வழுவழுப்பாய் இருக்குது. ஒரே கை ரெண்டு விதமாய்த் துளைக்காது." இப்படிச் சொன்னீர். நாள் முழுக்கப் பல் துளைக்கிற ஆளுக்கு அது தெரியத்தான் வேணும். மற்றவர்கள் அன்றைக்குச் சங்கிலியைத்தான் பார்த்தார்கள். துளையை ஒருவரும் பார்க்கவில்லை. இல்லை, ஒருவன் பார்த்தான். அதற்கு வருகிறேன்.

என் மகன் கபிலனுக்குத் துளை போடத் தெரியாது. இந்தக் கிட்டாரை ஒரு நோர்வேப் பொடியனிடம் பழசாக வாங்கினான். வாங்கின நாளிலிருந்து அதை இருந்தபடி இருக்க விடவில்லை. தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தத் துண்டுக்குப் பிக்கப் என்று பெயர். அது இரண்டு இருந்தது, அவனுக்கு மூன்று வேண்டும். மூன்றுக்கும் புதிதாக ஒரு சுவிட்ச் வேண்டும். நாதஸ்வரத்தின் இழுவை கிட்டாரில் வரவேண்டுமாம். வந்தால் நம்முடைய கலியாண வீடுகளில் தன்னை அடிக்க ஆளில்லையாம். அடங்காத கை. அது என்னிடமிருந்து போனது.

இந்த மேசையில் வைத்துத்தான் துளைத்தான். ஒருநாள் நான் வேலையால் வரும்போது சமையலறை முழுக்கச் சிவப்புத் தூள்.

"அம்மா, மரம் கிழியுது."

"மரம் தானாய்க் கிழியேல்லை. நீ கிழிக்கிறாய்."

"ஸ்லாப் ஆவ், சும்மா விடுங்கோ அம்மா. ரொக் மியூசிக்குக்குக் கிழிஞ்சால்தான் வடிவு."

"மேசைக்கு வடிவில்லை. எழும்பு."

கடதாசி டேப்பை எடுத்துத் துளை விழப்போகிற இடத்தில் ஒட்டினேன். சுவருக்குப் பூசுகிற ஆட்கள் ஓரத்தில் ஒட்டுவார்களே, அந்த டேப். அதற்கு மேல் அலகை வைத்தால் மேற்பூச்சு சிலும்பாது. அலகிலும் ஒரு துண்டு சுற்றி, எவ்வளவு ஆழம் போகவேண்டும் என்று குறித்துக் காட்டினேன். பார்த்துக்கொண்டு நின்றான். "க்ரெய்ட், விளங்குது," என்றான். அடுத்த கிழமையே டேப் இல்லாமல் இன்னொன்றைப் போட்டுக் கிழித்து வைத்திருந்தான். அவனுக்குப் பொறுமையில்லை. ஆனால் என்னுடைய வேலை எப்படி இருக்கும் என்று அன்றைக்கே தெரிந்துவைத்துக்கொண்டான்.

வயர் ஒட்டுகிற வேலையை மட்டும் என்னிடம்தான் தருவான். நான் காது கேட்கும் கருவி செய்கிற தொழிற்சாலையில் ஈயம் ஒட்டுகிறவள் என்பது உமக்குத் தெரியும். பிறகு என்னை வரிசையின் கடைசிக்கு மாற்றினார்கள், மற்றவர்கள் ஒட்டியதைச் சோதிக்க. சில ஒட்டுகள் பார்வைக்கு மினுக்கமாக இருக்கும். உள்ளே பிடிப்பு இருக்காது. சூடு காணாத ஈயம். மேசையில் வைத்துப் பார்த்தால் நன்றாக வேலைசெய்யும். ஆள் காதில் போட்டுக்கொண்டு நாலு தெரு நடந்தால் விட்டுவிடும். அதைக் கண்ணால் பார்த்தே பிடிப்பேன். பிடிக்கத் தெரிந்தவளுக்குச் செய்யவும் தெரியும். அது வேறு படிப்பு இல்லை.

கொஞ்சம் பொறும், உடுப்புத் தோய்க்கிற மெசின் நின்றுவிட்டதோ என்று பார்த்து வருகிறேன்.

இல்லை, ஓடுகிறது.

எங்கே விட்டேன். ஹம்மர்பெஸ்ட். நீர் பல் வைத்தியம் படித்து முடிக்கிற வருசம். உமக்கும் கபிலனுக்கும் கலியாணப் பேச்சு முடிவாகி, உம்முடைய அப்பா சபாரத்தினமும் நானும் நாள் பார்க்கிறதைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் சாப்பாட்டு மேசையில் இவன் புட்டைக் குழைத்துக்கொண்டு சொல்கிறான்.

"அம்மா, தக்ஷாவுக்கு வேலை கிடைச்சிட்டுது."

"நல்லது. எங்கை?"

"ஹம்மர்பெஸ்டிலை."

"நீ?"

"நான் கலியாணத்துக்குப் பிறகு அங்கை போவன். நீங்களும் வந்து நிண்டிட்டு வரலாம்தானே."

வந்து நின்றுவிட்டு வரலாம். விருந்தாளிக்குச் சொல்லுகிற சொல்லு. வடக்குக் கோடியில் இருக்கிற அந்த ஊரில்தான் கபிலனின் அப்பாவும் நானும் வந்து இறங்கினோம். மீன் தொழிற்சாலை. சூரியன் வராத மாதங்கள். அங்கேதான் அவர் வேலை செய்துகொண்டு நின்றபடியே விழுந்தார், கையில் கத்தியோடு, றப்பர் சப்பாத்தோடு. அதற்குப் பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒஸ்லோ வந்தேன். அந்த ஊர் என்னிடமிருந்து ஒருவரை எடுத்துவிட்டது, மற்றவரையும் கொடுக்க எனக்கு மனமில்லை. இதில் என்ன பிழை என்று நீரே சொல்லும். எந்தத் தாயும் இப்படித்தான் யோசிப்பாள்.

உம்மில் எனக்குக் கோபம் இருந்ததில்லை. உம்மை எனக்குப் பிடிக்கும்.

அன்றையிலிருந்து எனக்கு நித்திரையில்லை, பசியில்லை. கை சும்மா இருக்க மாட்டுது. துடைத்த தட்டைத் திரும்பத் துடைத்தேன். ட்வெய்ட்டாச் சந்தைக் கட்டடத்துக்குப் போய் ஒன்றும் வாங்காமல் திரும்பி வந்தேன். நிலத்தடி ரயிலில் ஏறிக் கடைசி ஸ்டேசன் வரைக்கும் போய், எதிர்ப்பக்கம் மாறி, மற்றக் கடைசிக்கு வந்தேன். எங்கே போகிறீர்கள் அக்கா என்று ஆராவது கேட்டால் ஆஸ்பத்திரிக்கு என்றேன். கபிலனிடம் ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கவில்லை. கதைத்தால் போய்விடுவான் என்று எனக்குத் தெரியும். எதிர்க்கிற தாயை விட்டுப் போவது பிள்ளைகளுக்குச் சுகம்.

அப்போதுதான் மகேந்திரராசா வீட்டுக் கலியாணம் வந்தது. இரண்டாயிரத்து மூன்று, ஆவணி. மகள் சோபிகாவுக்கு. தாய் புஷ்பமலர் எனக்குப் பழக்கம். "அக்கா, கூறைச் சேலை உடுத்திவிட நீங்கள்தான் வரவேணும்," என்று கேட்டாள். ஒஸ்லோவில் பாதி மணப்பெண்களுக்கு நான்தானே உடுத்திவிட்டது. பின்னேரப் பாட்டுக் கச்சேரிக்கு அருளானந்தனின் குழு. கிட்டார் கபிலன். கலியாணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, இவன் வேலைக்கு வெளிக்கிடும்போது கிட்டாரை இந்த மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்.

"அம்மா, அந்த நடுச் சுவிட்சின்ரை வயர் கரகரக்குது. ஒருக்கா ஒட்டி விடுங்கோ. நீங்கள் தொட்டால் பிறகு பார்க்கத் தேவையில்லை."

தேவையில்லை என்றுதான் சொன்னான். பார்க்கவும் இல்லை.

முதுகு மூடியைக் கழற்றினேன். வயர்கள் கிடக்கிற குழி. அதன் ஓரத்து மரத்தில் டேப் ஒட்டினேன். பெரிய அலகு ஒன்று, கதவுப் பூட்டுப் பூட்டுகிறதற்கு வாங்கினது, அதை மாட்டினேன். அலகில் ஆழத்துக்கு அடையாளம் சுற்றினேன், முன்பக்கம் வெளித்துவிடக் கூடாதே. வெள்ளிக்கிழமை பகல். சட்டத்துக்கு விரோதமில்லாத நேரம். அழுத்தவில்லை. அலகு தன்பாட்டில் இறங்கியது. தூளை ஊதித் துடைத்தேன். ஒரு பெரிய நெல்லிக்காய் இருக்கக்கூடிய இடம். விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தேன். ஒரு சிராய் இல்லை. மனதுக்கு எவ்வளவு அமைதியாக இருந்தது தெரியுமோ. கிழமைக்கணக்காக அலைந்த கை அன்றைக்குத்தான் அடங்கியது.

பிறகு அவன் கேட்ட வயரை ஒட்டினேன். மினுக்கமாக ஒட்டினேன். சூடு காட்டவில்லை.

மூடிக்கு இருந்த ஆறு திருகாணியில் இரண்டை மட்டும் பூட்டினேன்.

நீர் இப்போது என்ன கேட்கப்போகிறீர் என்று தெரிகிறது. முகத்தில் இருக்கிறது. ஓம், அன்றைக்குப் பின்னேரமே அவன் வந்து சொன்னான். கோட்டைக்கூடக் கழற்றவில்லை, சிரித்துக்கொண்டு நிற்கிறான்.

"அம்மா, ஹம்மர்பெஸ்ட் கான்சல். தக்ஷா இஞ்சையே ஒரு இடத்திலை வேலை எடுத்திட்டா. உங்களைத் தனிய விட்டிட்டுப் போகேலாது எண்டு அவதான் சொன்னவ. இண்டைக்கு ஹவுகெட்டோவிலை ஒரு வீடு பார்க்கப் போனனாங்கள். நல்ல விஸ்னிங், வீடு பார்க்க வந்த ஆக்கள் குறைவு. எங்களுக்குக் கிடைச்சிடும் போலை இருக்கு."

நீர்தான் சொன்னீர் என்றும் சொன்னான். நான் அதை மறக்கவில்லை.

ஹவுகெட்டோ கிட்டத்தான். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாரும். இங்கேயிருந்து நிலத்தடி ரயில் எடுத்து, நகரத்துக்குப் போய், பெரிய ரயிலுக்கு மாறவேண்டும். மழைக்காலம், பனிக்காலம். சாப்பாடு கொண்டுபோனால் ஆறிவிடும். இன்றைக்கு வாறன் நாளைக்கு வாறன் என்பான். பிறகு ஞாயிறு என்பான். பிறகு பொங்கலுக்கு என்பான். தூரம் என்பது மைல் கணக்கு இல்லை, பிள்ளை.

அதோடு துளை போட்டாச்சு. போட்ட வேலையை வீணாக்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

தேத்தண்ணி ஆறிவிட்டது. வேறு போடட்டோ? சரி, இருக்கட்டும்.

கலியாண மண்டபத்தில் நீர் இரண்டாம் வரிசையில் இருந்தீர், பச்சைச் சேலை. எங்கள் கலியாணத்தில் பெண் நடுவில் எழும்பி உள்ளே போவாளே, மாப்பிள்ளை கொடுத்த கூறையை மாற்றிக்கொண்டு வருவதற்கு. அந்த நேரம் இருக்கிறதே, உடுத்திவிடுகிற ஆளுக்கு அது ஒரு ஓட்டப்பந்தயம். ஐயர் வெளியே நின்று "நேரம் போகுது, பிள்ளையைக் கொண்டு வாங்கோ" என்பார். தோழிமார் ஒருவருக்கொருவர் இடைஞ்சல். கழற்றின நகையைத் திரும்பப் பூட்டுகிறபோது எது ஏறியது எது ஏறவில்லை என்று ஒருவருக்கும் தெரியாது. சோபிகா பதக்கச் சங்கிலியை எடுத்து நீட்டினாள்.

"மாமி, இது?"

"வேண்டாம், பிள்ளை. தாலிக்கொடியோடை சிக்குப்படும். நான் பத்திரமாய் வைக்கிறன்."

பத்திரமாகத்தான் வைத்தேன். பஞ்சில் சுற்றி என் கைப்பைக்குள். பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய் மணவறையில் இருத்திவிட்டு, மேடைக்குப் பின்னால் போனேன். குழுவின் சாமானெல்லாம் காலையிலேயே வந்து திரைக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தது. கெட்டிமேளம் கொட்டியது. மண்டபம் முழுக்க எழும்பி நின்று அறுகரிசி எறிந்தது. அந்தச் சத்தத்துக்குள் இரண்டு திருகாணி. கழற்றி, வைத்து, பூட்டி முடிய, மேளம் ஓய்ந்தது. சோபிகாவின் கழுத்தில் தாலி ஏறியதை நான் பார்க்கவில்லை. உடுத்திவிட்ட பெண்களுக்குள் அவளுடையது ஒன்றுதான் நான் பார்க்காதது. அது எனக்கு இன்றைக்கும் ஒரு குறை.

மிச்சம் உமக்கும் தெரியும், ஆனால் நீர் கேட்டபடியால் முழுக்கச் சொல்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு புஷ்பமலர் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறாள். என் காதுக்குள் வந்து, "அக்கா, பதக்கச் சங்கிலியைக் கண்டனீங்களோ?" என்றாள். "அறையிலை மேசையிலை வைச்சனான், வடிவாய்ப் பாருங்கோ," என்றேன். அவள் போய்ப் பார்த்தாள். அதற்குள் பாட்டுத் தொடங்கிவிட்டது. மூன்றாவது பாட்டுக்குள் கிட்டார் செத்துப்போனது. நான் நினைத்ததைவிட ஒரு பாட்டுப் பிந்தித்தான்.

ஆருக்கும் தெரியும், கபிலன் மேடையில் வைத்தே கிட்டாரைக் கழற்றுகிறவன் என்று. சட்டைப் பையில் திருகாணி முறுக்கி இல்லாமல் வெளிக்கிட மாட்டான். அருளானந்தன் ஒலிவாங்கியில் பகிடி விட்டான். "கொஞ்சம் பொறுங்கோ, எங்கடை டொக்டர் ஒப்பரேசன் செய்யப் போறார்." சனம் சிரித்தது. பிள்ளைகள் மேடைக்குக் கிட்ட ஓடி வந்தார்கள். அவன் நிலத்தில் குந்தியிருந்து மூடியைத் திறந்தான்.

சங்கிலி பஞ்சோடு அவனுடைய மடியில் விழுந்தது. முன்வரிசையில் ஒரு பெண், "அது சோபிகான்ரை எல்லோ," என்றாள். முந்நூறு பேரும் மேடையைப் பார்த்தார்கள்.

நீர் அவனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தீர். நான் அவனுடைய கையைப் பார்த்தேன். அவன் சங்கிலியைத் தொடவில்லை. சுட்டுவிரலை அந்தக் குழிக்குள் விட்டான். துளையின் விளிம்பைச் சுற்றி ஒருதரம் தடவினான். மெதுவாக, நான் தடவினதுபோலவே. பிறகு நிமிர்ந்து மண்டபத்தைத் தேடினான். நான் பாயாச அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றேன். என்னைக் கண்டான்.

அருளானந்தன்தான் கேட்டான். "கபிலன், என்னடா இது?"

"நான்தான் எடுத்தனான்."

கிட்டார்தான் செத்தது, பக்கத்தில் ஒலிவாங்கி உயிரோடு இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

எனக்குக் கதிரை போட்டார்கள். சோடா தந்தார்கள். "பாவம் சிவநாயகி அக்கா, தனியாய் நிண்டு வளர்த்தவ, இப்படி ஒரு பிள்ளை வந்து வாய்ச்சுதே," என்று என் முதுகைத் தடவினார்கள். புஷ்பமலர் நல்லவள். கலியாண வீட்டுக்குப் பொலிஸ் வரக்கூடாது, பொருள் கிடைத்துவிட்டது, காணும் என்றாள். பொலிசுக்குப் போயிருந்தால் அது ஒரு நாளோடு முடிந்திருக்கும். அடுத்த சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் அது நாலு சங்கிலியாகப் போயிற்று. ஒரு மாதத்தில் அவன் போன வீடுகளிலெல்லாம் காணாமல் போன சாமான்கள் ஞாபகத்துக்கு வந்தன. உம்முடைய அப்பா வந்து மோதிரத்தை இந்த மேசையில் வைத்தார். அவரில் பிழை சொல்ல மாட்டேன். அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.

நான் ஒருவருடைய பொருளையும் எடுக்கவில்லை என்பதைக் கவனியும். சங்கிலி அன்றைக்கே உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தது.

ஓம், அவன் போய்விட்டான். எனக்குத் தெரியாதென்று நினைக்க வேண்டாம். வேறெங்கே, ஹம்மர்பெஸ்டுக்குத்தான். அங்கே இப்போது எரிவாயு வேலையாம். பையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றான். சாப்பிட்டுப் போ என்றேன். அவன் சப்பாத்து நாடாவைக் கட்டி முடித்து, நிமிர்ந்து சொன்னான்.

"துளை வடிவாய்ப் போட்டிருக்கிறியள், அம்மா."

அவ்வளவுதான். என்னுடைய வேலையை அவன் புகழ்ந்தது அதுதான் முதல் தரம்.

அதற்குப் பிறகு தொலைபேசி இல்லை. ஐந்து வருசமாகப் பொங்கலுக்கும் இல்லை. நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. அவனுடைய அறையைப் பார்த்தீர்தானே, கட்டில் விரிப்பு மாற்றித்தான் இருக்கிறது. 

அழாதையும். நீர் கேட்கிறீர், செய்யாத ஆள் ஏன் ஓம் என்றான் என்று. சங்கிலிக்காக நீர் அவனை விடவில்லை, அவன் ஓம் என்றபடியால்தான் விட்டீர் என்கிறீர். ஒரு சொல்லு "நான் இல்லை" என்றிருந்தால் மண்டபம் முழுவதையும் எதிர்த்து அவனோடு நின்றிருப்பீர். நம்புகிறேன். நின்றிருப்பீர்தான்.

அதைத்தான் நானும் சொல்கிறேன். அவனுக்கு அங்கே இரண்டு வழி இருந்தது. இது அம்மாவின் கை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் நீர் கிடைத்திருப்பீர், ஹவுகெட்டோ கிடைத்திருக்கும், பெயர் கிடைத்திருக்கும். மண்டபத்தின் இந்தப் பக்கத்தில் நீர், அந்தப் பக்கத்தில் நான். அவன் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, என்னை எடுத்தான். என்னை விட்டுப் போக விரும்புகிற பிள்ளை அப்படிச் செய்யுமோ? இன்று வரைக்கும் ஒருவருக்கும் சொல்லவில்லை. உமக்கும் சொல்லவில்லை. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் என்னைக் காப்பாற்றுகிறான். இதற்கு மேல் ஒரு பிள்ளை தாயோடு எப்படி இருக்கிறது?

நீர் எல்லாருக்கும் சொல்லலாம். நான் மறுக்க மாட்டேன். சங்கிலியை எடுத்தது நான், துளை போட்டது நான், வயரைப் பொய்யாக ஒட்டியது நான். யார் வந்து கேட்டாலும் இப்படியே சொல்வேன். ஆனால் முதலில் அவனைக் கேளும். அவன் ஐந்து வருசம் சுமந்ததை நீர் ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூட வாசலில் கொட்டினால், அவனுக்குச் சந்தோசமோ என்று கேளும்.

நாளைக்கு மத்தியானம்தானே ஹம்மர்பெஸ்டுக்கு விமானம் என்றீர். கிட்டாரையும் கொண்டுபோகிறீர். நல்லது. கையில் கொடும். அவன் தொட்டு எவ்வளவு காலம்.

மேலே ட்ரில் நின்றுவிட்டது, கவனித்தீரா. பொடியன் வேலை முடித்துவிட்டான் போல. எனக்கு இந்த அமைதிதான் ஒத்துவருகிறதில்லை.

நீர் எழும்பும். கிட்டாரை மட்டும் வைத்துவிட்டுப் போம். அந்த வயர் இன்னும் அப்படியே கிடக்கிறது, பாரும். என் கையால் போன ஒரு பொருள் பழுதாக அவனிடம் போய்ச் சேரக்கூடாது. ஒழுங்காகச் சூடு காட்டி ஒட்டித் தருகிறேன். மூடிக்கு ஆறு திருகாணியும் பூட்டித் தருகிறேன். உம்முடைய கழுத்துச் சங்கிலியின் கொளுக்கியும் தளர்ந்திருக்கிறது, வந்ததிலிருந்து பார்க்கிறேன். அதையும் கழற்றி வையும், இறுக்கி வைக்கிறேன். காலமை விமான நிலையத்துக்குப் போகிற வழியில் வந்து எடுத்துக்கொள்ளும்.

அவன் வாங்கினதும் முதல் வேலையாக மூடியைக் கழற்றிப் பார்ப்பான். என் கையைக் கண்டுகொண்டால் வந்துவிடுவான்.